கேட்டா சொல்லித்தானே ஆகணும்?

என் மேசையின் கடைசி இழுப்பறையில் 1997-ஆம் வருடத்து வழக்குக் கட்டு ஒன்று கிடக்கிறது. கட்டிய நாடா சாயம் போய் வெளுத்துவிட்டது. தென்னந்தோப்புக் கிணற்றில் கிடந்த மோட்டார் காணாமல் போன வழக்கு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு தாலுகா கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்டு அப்போது எனக்கு மூன்றாவது வருடம். வருமானம் என்று பெரிதாக இல்லை. இலவச சட்ட உதவியில் யாருக்கும் வேண்டாத கேஸ்கள் என் தலையில் விழும். அப்படி வந்ததுதான் இது.

குற்றவாளி என்று நிறுத்தப்பட்டவனுக்கு இருபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு தேங்காய் வெட்டப் போனவன். கிளைச் சிறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். நான் இந்தப் பக்கம் நின்று அவனுடைய ஒப்புதல் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். கார்பன் நகல், மூன்று பக்கம். "மேற்படி மோட்டாரை மேற்கண்ட இடத்தில் யாரும் அறியாவண்ணம் மறைத்து வைத்துள்ளேன். என்னை அழைத்துச் சென்றால் மேற்படி இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்று முடிந்தது.

கேட்டுக்கொண்டே இருந்தவன் மெதுவாகக் கேட்டான்: "'யாரும் அறியாவண்ணம்'னா என்ன வக்கீலம்மா?"

"நீதானப்பா சொல்லியிருக்க?"

"நான் எங்க சொன்னேன்? அவங்களே எழுதிட்டாங்க. கையெழுத்து மட்டும்தான் கேட்டாங்க."

"ஏன் போட்ட?"

"போலீசு கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

இந்த முப்பது வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டிருப்பார்கள் என்று கணக்கில்லை. கேட்டவர்களில் பட்டதாரிகள் உண்டு, ஒரு வங்கி மேலாளரும் உண்டு. அவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில்: "பேர் கேட்டா சொல்லணும், ஊர் கேட்டா சொல்லணும். உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கச் சொன்னா, சொல்ல வேண்டியதில்ல."

இதைச் சொல்வது நானல்ல, அரசியல் சட்டம். பிரிவு 20, உட்பிரிவு 3. குற்றம் சாட்டப்பட்ட யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஒரே ஒரு வரிதான். காவல்துறை விசாரணையில் இந்த உரிமை எப்படிச் செல்லும் என்பதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 161-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 180-ஆம் பிரிவு. விசாரிக்கிற அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லக் கடமை உண்டு. ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை. பேசாமல் இருக்கலாம் என்பதால் பொய் சொல்லலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறு, இது வேறு.

"தப்பு செய்யாதவன் எதுக்கு மதினி பேசப் பயப்படணும்?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் என் கொழுந்தன் கேட்டான். பக்கத்து இலைக்காரர்களும் தலையாட்டினார்கள். கேள்வி நியாயமாகத்தான் படும். பதில் சொல்ல நான் 1855-க்குப் போக வேண்டியிருந்தது. அதற்குள் பாயசம் வந்துவிட்டதால் அன்றைக்கு முடிக்கவில்லை. இங்கே முடித்துவிடுகிறேன்.

சென்னை மாகாணத்தில் நடக்கும் சித்திரவதைகளை விசாரிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு குழு போட்டது. மூவர் குழு. அதில் ஒருவர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற சென்னை வழக்கறிஞர். 1855-இல் அறிக்கை வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள். பல நாள் வழி நடந்து வந்து நேரில் சொன்னவர்களும் உண்டு. வரி கட்டாதவனிடம் காசு பிடுங்கவும், திருட்டு வழக்கில் மாட்டியவனிடம் 'ஒப்புதல்' பிடுங்கவும் ஒரே கருவிகள்தான். அந்த ஆங்கில அறிக்கையில் நம் சொற்கள் இரண்டு வருகின்றன. ஒன்று கிட்டி: மரத்துண்டுகளுக்கு நடுவே கைவிரல்களை வைத்து நெருக்குவது. இன்னொன்று அண்ணாந்தாள்: ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் விடுவது. வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாட்சியச் சட்டத்தை 1872-இல் வடித்தவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். இந்தியாவில் போலீஸ் ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு அனுபவசாலி அதிகாரி ஒருவர் தன்னிடம் சொன்ன காரணத்தை அவர் பிற்பாடு எழுதிவைத்தார். எல்லாம் சோம்பேறித்தனம்தான் என்பது அந்த விளக்கம். வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட, நிழலில் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு ஏழையின் கண்ணில் மிளகாய்ப்பொடியைத் தேய்ப்பது சுலபமாம். மிளகாய் விஷயத்தில் அந்த அதிகாரி ஊர் தெரிந்தவர்.

ஆகவே போலீசிடம் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாகவே எடுக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே எழுதிவிட்டார்கள். பழைய 25, 26-ஆம் பிரிவுகள். இப்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.-வின் 23-ஆம் பிரிவு. குற்றவாளி மேல் இரக்கப்பட்டு எழுதிய சட்டமில்லை இது. வாக்குமூலம் என்பது சொன்னவன் வார்த்தை அல்ல, எழுதியவன் வார்த்தை என்பது தெரிந்து எழுதியது. என் கொழுந்தனுக்குப் பதில் அதுதான். தப்பு செய்யாதவன் பயப்பட வேண்டியது தன் வாய்க்கு அல்ல, அடுத்தவன் பேனாவுக்கு.

ஆனால் கதவைச் சாத்திவிட்டு ஒரு சன்னலைத் திறந்து வைத்தார்கள். பழைய 27-ஆம் பிரிவு. குற்றவாளி சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். "இந்த அரிவாளை இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்" என்பது செல்லும். "இதால்தான் வெட்டினேன்" என்பது செல்லாது. குண்டூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில் 1946 கடைசியில் லண்டன் பிரிவி கவுன்சில் இதைக் கறாராக வரையறுத்தது. புலுகூரி கோட்டய்யா வழக்கு என்று சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் உருப்போடுகிறார்கள்.

இந்தச் சன்னல் வழியாகத்தான் என் கட்சிக்காரனின் மோட்டார் கோர்ட்டுக்குள் வந்தது. எங்கள் மாவட்டத்தில் களவுபோன பொருளெல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் உடங்காடு. அரிவாள், சங்கிலி, மோட்டார், எது போனாலும் சீமைக் கருவேல முள்ளுக்குள்தான் இருக்கும். திருடர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல ஒரே வாக்கியத்தைச் சொல்லி ஒரே மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள். பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜரில் சாட்சிக் கையெழுத்து கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும்.

தலையாரியை நான் குறுக்கு விசாரணை செய்தேன். நல்ல மனிதர், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"மகஜர்ல எங்க வச்சுக் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஸ்டேஷன்ல."

"உடங்காட்டுக்குப் போனீங்களா?"

"முள்ளு கிடக்கும்மா. நான் செருப்புப் போடாதவன்."

அரசு வழக்கறிஞர் ஃபைலை மூடிவிட்டார்.

அடுத்தது, எல்லா சாட்சியும் முடிந்தபிறகு நீதிபதியே குற்றவாளியிடம் நேரடியாகக் கேட்கும் கட்டம். 313 கேள்வி என்போம், இப்போது 351. "உங்களுக்கு எதிராக இன்ன சாட்சி இப்படிச் சொல்லியிருக்கிறார், என்ன சொல்கிறீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கூண்டில் நிற்பவன் சத்தியப் பிரமாணம் எடுப்பதில்லை. பதில் சொல்லாவிட்டாலும் தண்டனை இல்லை. தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளில் இதற்கு ஒரு சொல்தான் பதில்: "பொய்." நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி என் கட்சிக்காரன் வரிசையாகப் பொய், பொய் என்று சொல்லி வந்தான். வாக்குமூலம் பற்றிய கேள்வி வந்தபோது மட்டும் நின்றான். "அய்யா, 'யாரும் அறியாவண்ணம்'னா என்னன்னு இப்பத் தெரியும். அன்னைக்குத் தெரியாது" என்றான். நடுவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். விடுதலை.

எல்லாருக்கும் நடுவர் சிரிக்க மாட்டார். 313-இல் வாயே திறக்காமல் இருப்பதும் சில வழக்குகளில் ஆபத்து என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பூட்டிய வீட்டுக்குள் மனைவி இறந்து கிடக்கிறாள், கணவன் மட்டும்தான் உள்ளே இருந்தான் என்று அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், என்ன நடந்தது என்று அவன் விளக்கம் சொல்லாததையே சங்கிலியின் ஒரு கண்ணியாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. தனக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைத் தான்தான் விளக்க வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அரசுத் தரப்பு தன் பாரத்தை முதலில் சுமந்தாக வேண்டும். அதைச் சுமக்காமல் "நீ சொல்லு" என்று தொடங்க முடியாது.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க போலீஸ் கைவிலங்கு மாட்டும்போதே, பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு என்று ஒப்பிப்பார்கள். 1966-இல் மிராண்டா வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னது அது. (அந்த மிராண்டா, ஒப்புதல் இல்லாமலே மறுவிசாரணையில் தண்டனை பெற்றார். பேசாதவன் எல்லாம் தப்பித்துவிடுவான் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.) நம் சட்டப் புத்தகத்தில் போலீசுக்கு அப்படி ஒரு ஒப்பித்தல் கடமை எழுதப்படவில்லை. மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்பின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் இதைப் பரிசீலித்து, நம் சட்டத்திலேயே போதிய பாதுகாப்பு இருக்கிறது, மிராண்டாவை இரவல் வாங்க வேண்டாம் என்றது. அதோடு ஒன்றையும் சேர்த்தது: கைதானவர் முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தப்படும்போது, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதை நடுவர் அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும்.

நம் ஊரில் இந்த உரிமைக்கு உயிர் கொடுத்தது ஒரு முதலமைச்சரின் வழக்கு. ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி. 1977-இல் கட்டக்கில் ஊழல் தடுப்பு போலீசார் அவரை ஸ்டேஷனுக்கு வரவழைத்து நீளமான கேள்விப் பட்டியலை நீட்டினார்கள். பதில் சொல்ல மாட்டேன் என்றார். பதில் சொல்ல மறுத்ததே குற்றம் என்று அவர் மேல் வழக்கு போட்டார்கள். 1978-இல் தீர்ப்பு எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். அவரே வக்கீலாக இருந்த காலத்தில், 1948-இல், ஒரு மாதம் சிறையில் இருந்தவர். இந்த உரிமை கோர்ட் கூண்டில் மட்டுமல்ல, போலீஸ் ஸ்டேஷனிலும் உண்டு. அடித்தால்தான் கட்டாயம் என்றில்லை, மிரட்டி, சோர்வாக்கி, மணிக்கணக்கில் உட்காரவைத்துக் கேட்பதும் கட்டாயம்தான் என்றார். பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதே தவறு என்றும் கண்டித்தார். முதல்வராக இருந்தவருக்கே உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. தேங்காய் வெட்டுபவன் எங்கே போவான்?

எதற்கெல்லாம் இந்த உரிமை செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கைரேகை, கையெழுத்து மாதிரி, ரத்தம், புகைப்படம் இவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று நிற்க முடியாது. இதன் அடிப்படையை 1961-இல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மனதில் இருப்பதைச் சொல்லவைப்பதுதான் தடை. உடம்பில் இருப்பதைக் காட்டவைப்பது அல்ல. குரல் மாதிரியையும் 2019-இல் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். மருந்து ஏற்றி அரைமயக்கத்தில் பேசவைக்கும் நார்க்கோ சோதனையும் பொய் கண்டறியும் கருவியும் எந்தப் பக்கம்? 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் பதில் வந்தது: சம்மதம் இல்லாமல் கூடாது. டி.வி. விவாதங்களில் இன்னமும் "நார்க்கோ டெஸ்ட் எடுங்க" என்று சத்தம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கையில் கிடைத்ததை எறியத் தோன்றும்.

இனி நான் சொல்லப்போவது தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த பெயர். ஆனால் அதில் ஒரு வாக்கியத்தை மட்டும் கவனியுங்கள்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் பேரறிவாளன் கைதானபோது வயது 19. குண்டுக்குப் பயன்பட்ட இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அப்போது தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இருந்தது. போலீஸ் சூப்பரின்டெண்டென்ட் அந்தஸ்தில் உள்ள அதிகாரி பதிவு செய்தால் வாக்குமூலம் செல்லும் என்று அந்தச் சட்டம் பழைய பாதுகாப்பைத் தூக்கி எறிந்திருந்தது. சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் பதிவு செய்தார். பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்தது, நான்கு பேரின் தூக்கை உறுதி செய்தது. இந்த வழக்குக்குத் தடாக் குற்றமே பொருந்தாது என்று சொன்ன அதே தீர்ப்பு, தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. இதை நான் எத்தனை முறை படித்தாலும் என் மண்டைக்குள் ஏறவில்லை.

பிறகு 2013-இல், ஓய்வுபெற்ற தியாகராஜன் வெளிப்படையாகச் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகவும். எதற்கென்று தெரிந்து வாங்கினாரா, தெரியாமல் வாங்கினாரா என்பதில்தான் தூக்குக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொன்னவன் சொன்னான், எழுதியவன் எழுதவில்லை. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அந்தக் கொலையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் இந்த உரிமைதான் பாதுகாப்பு என்பேன். சரியாக எழுதப்படாத வாக்குமூலத்தின்மேல் நிற்கும் தீர்ப்பு அவர்களுக்கும் நிம்மதி தராது.

தடா 1995-இல் காலாவதியானது. அதே வகையான பொடா 2002-இல் வந்து 2004-இல் போனது. ஆனால் பின்வாசல் மூடவில்லை. போதைப்பொருள் வழக்குகளில், அதிகாரிகள் தாங்கள் போலீஸ் இல்லை என்று சொல்லி வாக்குமூலம் வாங்கித் தண்டனை பெற்றுத் தந்துகொண்டிருந்தார்கள். 2020 அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அவர்களும் போலீஸ்தான், வாக்குமூலம் செல்லாது என்று சொல்லிவிட்டது. இரண்டே வருடத்தில், 2022 ஜூலையில், அமலாக்கத் துறை அதிகாரிகள் போலீஸ் அல்ல, அவர்கள் வாங்கும் வாக்குமூலம் செல்லும் என்று இன்னொரு அமர்வு. சம்மன் கொடுத்து, உட்காரவைத்து, கையெழுத்து வாங்குகிறவர் போலீசா இல்லையா என்பது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வித்தியாசத்தைத் தரும் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து.

உண்மையிலேயே ஒருவன் மனம் திருந்தி ஒப்புக்கொள்ள விரும்பினால்? அதற்கும் வழி இருக்கிறது. நடுவர் முன்னால் 183-இன் கீழ் (பழைய 164) வாக்குமூலம். ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தேன். நடுவர் முதலில் ஏட்டையும் எஸ்.ஐ.யையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகும் சன்னல் வழியாகத் தொப்பி தெரிந்ததால் சன்னலையும். "நான் மாஜிஸ்திரேட். நீ எதையும் ஒத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா அது உனக்கே எதிரா வரும். சொல்லலைன்னா உன்னைத் திரும்பப் போலீஸ்கிட்ட ஒப்படைக்க மாட்டேன். புரியுதா? யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு, யோசிக்க ஒரு நாள் கொடுத்துச் சிறைக்கு அனுப்பினார். மறுநாள் அவன் வந்து, "ஒண்ணும் சொல்ல விரும்பலைய்யா" என்றான். நடுவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு கையெழுத்திட்டார். ஸ்டேஷனில் மூன்று பக்கம் 'சொன்னவன்', கதவு சாத்திய அறையில் ஒரு வரி சொன்னான்.

உங்களையோ உங்கள் வீட்டுப் பிள்ளையையோ ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போங்கள், மரியாதையாகப் பேசுங்கள், பெயர் ஊர் சொல்லுங்கள். கைது செய்தால் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கக் கேளுங்கள். விசாரணை முழுக்க அவர் பக்கத்திலேயே இருக்க முடியாவிட்டாலும், சந்திக்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள்: விசாரணையில் போலீசிடம் சொல்லி அவர்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், சொன்னவர் கையெழுத்துப் போடக் கூடாது என்றே சட்டம் சொல்கிறது. பி.என்.எஸ்.எஸ். 181-ஆம் பிரிவு. அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வெற்றுத் தாளை நீட்டினால், கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.